நூற்றெட்டுக் குடம் குளித்த படகு

படகு ஓட்டை. அரசன் வாங்கிவிட்டான். நடந்தது அவ்வளவுதான். மீதியும் வேண்டுமென்றால் சொல்கிறேன், நடுவில் குறுக்கிடக் கூடாது.

முன்னொரு காலத்தில் சிப்பித்துறை நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு அரசன் ஆண்டுகொண்டிருந்தான். காலையில் ஓர் ஆசை, மாலையில் வேறோர் ஆசை. அந்த மாதம் கடல் ஆசை. பாய்மரப் படகு வேண்டும், ராணியோடு முத்துத் திட்டு என்கிற தீவுவரை போய்வர வேண்டும் என்றான்.

"புதிதாகக் கட்ட எட்டு மாதம் ஆகும், மன்னா" என்றார் மந்திரி.

மந்திரியைக் கண்டாலே வயிறு எரிகிறவன் சபையில் ஒருவன் இருந்தான். வீழிநாதன். "எட்டு மாதமா? எட்டே நாளில் நான் கொண்டுவருகிறேன்!" என்று துள்ளிக் கிளம்பினான்.

பக்கத்துத் துறையில் ஒரு பழைய படகு மணலில் ஏறி நின்றது. புதுச் சிவப்புச் சாயம். முகப்பில் செதுக்கிய அன்னம்.

"ஒரே ஆள் வைத்திருந்த படகு, ஐயா. அதுவும் அமாவாசைக்கு அமாவாசைதான் எடுப்பார்" என்றான் விற்கிறவன்.

"உள்ளே சாம்பிராணி மணக்கிறதே?"

"பக்தியான மனிதர்."

அழுகல் நாற்றத்தை மறைக்கப் போட்ட புகை அது. வீழிநாதனுக்கு எங்கே தெரியும்? அன்னத்தின் அலகைத் தடவினான். பாயை விரிக்கச் சொல்லி ரசித்தான். அடிப்பக்கம் குனிந்து பார்க்கவில்லை. "அரசர் கால் படும்முன் தண்ணீரில் விட்டால் மரியாதை இல்லை" என்றான் விற்கிறவன். அதையும் நம்பி, மாடு பூட்டி மணல் வழியே இழுத்துவந்தான்.

வழியில் பலகை இடுக்கிலிருந்து ஒரு கட்டி களிமண் பொத்தென்று விழுந்தது. வீழிநாதனுக்கு ஏமாந்தது புரிந்தது. மேலே சாயத்தைப் பூசினான். அரசனிடம் போய், "படகு கடலைத் தொடும்வரை அபசகுனமாகப் பேசுகிறவன் நாக்கை அறுக்க வேண்டும், மன்னா" என்றான். கரையோரம் ஒரு சுற்று சுற்றினால் அரசனுக்கு அலுத்துவிடும் என்று நினைப்பு. அரசனும் பறை அறைவித்தான்.

சுக்கான் பிடிக்க வேண்டியவன் திருமேனி. அவன் பெண்டாட்டிக்குத் தொழிலே படகுதான். தண்ணீர் புகாதபடி பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக் குங்கிலியப் பிசின் பூசுவாள். புறப்பாட்டு நாள் காலையில், கரையில் உயரக் கட்டைகள்மேல் நின்ற படகைச் சுற்றி வந்து விரல் முட்டியால் தட்டினாள். நல்ல மரம் கணீரென்னும். இது பூசணிக்காய் மாதிரி சொத்தென்றது.

"இந்தாங்க, உங்க படகு களிமண்ணுல நிக்குது."

"வாயை மூடுடி. நாக்கு போயிடும்."

"ஏறினா நீங்க போயிடுவீங்க."

"ஏறலைன்னா தலை போயிடும்!"

"சும்மா இருங்க. நாக்கும் இருக்கும், தலையும் இருக்கும்."

மேளம் முழங்க அரசனும் ராணியும் வந்தார்கள். திருமேனியின் பெண்டாட்டி போய்க் கும்பிட்டாள்.

"ராசா, ஒரு வழக்கம் விட்டுப்போச்சு. கடல் படகைக் குளிப்பாட்டுறதுக்கு முந்தி, நாம படகைக் குளிப்பாட்டணும். உள்ளே நூத்தெட்டுக் குடம் ஊத்தணும்."

அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அரசனுக்குச் சடங்கு என்றால் உயிர். "ஆஹா! ஊற்றுங்கள்!"

"வேண்டாம் மன்னா!" வீழிநாதன் பாய்ந்து வந்தான். "ஊற்றினால்..."

"ஊற்றினால்?"

நாக்கு ஞாபகம் வந்தது அவனுக்கு. "சளி பிடிக்கும், மன்னா."

"படகுக்கா?"

"எனக்கு."

"அப்படியானால் மேலே ஏறாதே. கீழே அடிப்பக்கம் நில்."

நின்றான். என்ன செய்வான்?

இருபது குடம் ஊற்றும்வரை ஒன்றுமில்லை. முப்பதில் ஒரு சொட்டு வீழிநாதன் மொட்டைத் தலையில் விழுந்தது. நாற்பதில் களிமண் கரைந்தது. ஐம்பதில் இடுக்கெல்லாம் பீய்ச்சி அடித்தது. சிவப்புச் சாயமும் சேறும் வழிய, மிளகாய் அரைத்த அம்மிபோல நின்றான்.

அரசன் வாயைத் திறந்தான். தன் ஆணை ஞாபகம் வந்தது. மூடினான்.

"மந்திரியாரே, படகு ஏன்... வியர்க்கிறது?"

"ஆனந்தக் கண்ணீர், மன்னா."

"வீழிநாதா, நீ சொல்."

"மழை, மன்னா."

"வானத்திலிருந்தா?"

"படகிலிருந்து."

ராணி சிரித்துவிட்டாள். கூட்டமும் சிரித்தது. அரசன் முகம் சிவந்தான். "போதும்! ஆணையை எடுத்துவிட்டேன். இப்போதாவது யாராவது வாயைத் திறந்து தொலையுங்கள்!"

"ஓட்டை, ராசா" என்றாள் குடம் ஊற்றச் சொன்னவள். "அடி மரம் உளுத்திருக்கு. ஏறியிருந்தா என் புருசனும் நீங்களும் ஒண்ணா மீனுக்குச் சாப்பாடு."

 அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான். "உன் விரல் தட்டாமல் இனி இந்த நாட்டில் ஒரு படகும் விலைபோகக் கூடாது. என்னையும் கொஞ்சம் தட்டியிருக்கலாம், காலி என்று தெரிந்திருக்கும்."

வீழிநாதனைப் படகின் அடியில் படுக்கவைத்தார்கள். மிச்சக் களிமண்ணைச் சுரண்டி எடுக்கும்வரை எழக் கூடாதென்று உத்தரவு. மூன்று மாதம் சுரண்டினான். அவன் தும்மும்போதெல்லாம் மந்திரி போய் நலம் விசாரித்துவிட்டு வந்தார்.

அப்புறம் உளுத்த பலகையை மாற்றி, பஞ்சு அடைத்து, குங்கிலியம் பூசி, அதே படகை முத்துத் திட்டுவரை ஒரு சொட்டு ஒழுகாமல் போய்வரச் செய்தது யார் தெரியுமா?

திருமேனியின் பெண்டாட்டி உமையாச்சி.