முப்பத்தாறு படம்

“எதைப் போட்டு ஒட்டுனா ஜென்மத்துக்கும் விடாது, டீச்சரம்மா?” என்று கேட்டார் இஸ்ரவேல்.

டெலிபோன் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் கம்பம் ஏறி இறங்கிவிட்டு, அறுபது வயதில் காமிரா ரிப்பேர் படிக்க வந்த மனுஷர். டீச்சரம்மா என்று அவர் கூப்பிட்ட செண்பகவடிவுக்கு முப்பத்து நாலு வயது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. பழைய ஃபிலிம் காமிராக்கள் பெங்களூரிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பார்சலில் அவளைத் தேடி வரும்.

வடிவு அதிகம் பேசமாட்டாள். கேள்வி கேட்டால் கையில் ஒரு வேலையைக் கொடுப்பாள். பதில் அதற்குள் இருக்கும், நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். ஆகா, குரு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று இஸ்ரவேல் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்றைக்கும் அவள் பதில் சொல்லவில்லை. நாலு தகரத் துண்டு, நாலு ரெக்சின் துண்டு, நாலு வகைப் பசை எடுத்து வைத்தாள்.

“ஒட்டுங்க. ஒரு நாள் மொட்டை மாடி வெயில்ல போடுங்க. பெறவு உரிங்க.”

“உரிக்கவா? நான் ஒட்டத்தானே கேட்டேன்?”

அவள் குனிந்து தன் வேலையைப் பார்த்தாள்.

*

ஜென்மத்துக்கும் விடக்கூடாது என்று அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

நாசரேத்தில் அவருக்கு ஓர் அண்ணன். தேவசகாயம், ரிட்டயர்டு டிராயிங் வாத்தியார். அப்பா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். ஆனால் வாயில் ஒரு நல்ல வார்த்தை வராது. தம்பிக்கு வேலை கிடைத்தபோது, “கம்பம் ஏறுத வேலைதானலே” என்றார். வீடு கட்டியபோது, “வாசல தப்பா வச்சிருக்கான்” என்றார். இஸ்ரவேலுக்கு அறுபது வயதாகியும் அந்த வலி போகவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அண்ணன்தான் இப்போது தன் காமிராவைக் கொடுத்தனுப்பியிருந்தார். உடம்பைச் சுற்றியிருந்த கறுப்பு ரெக்சின் முழுக்கக் காய்ந்து, செதில் செதிலாக உதிர்ந்து, பிடித்தால் கையை அறுத்தது.

காமிராவோடு ஒரு கடிதம். உன் மதினியை ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள், வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. மிஞ்சிப்போனால் ரெண்டு மாசம். கல்யாணமான வருஷத்திலிருந்து அவளை இந்தக் காமிராவில்தான் எடுக்கிறேன். கடைசியாக ஒரு ரோல் எடுக்க வேண்டும். சீக்கிரம் சரிபண்ணி அனுப்பு. கெடுத்துவிடாதே.

அந்தக் கடைசி வரியை இஸ்ரவேல் பத்துத் தடவையாவது வாசித்திருப்பார்.

*

மறுநாள் சாயங்காலம் தகரங்களோடு வந்து நின்றார்.

“ரெண்டு பக்கமும் பசை வச்ச டேப்பு வெயிலுக்கு இளகி, ரெக்சின் அரை விரக்கடை நகந்துட்டு. ரப்பர் சொலூஷன் பரவால்ல, ஆனா ஓரத்துல பிசுபிசுன்னு வழியுது. ஸ்பிரிட்ல கரைச்ச அரக்கு நல்லாத்தான் பிடிக்கி, ஆனா நகத்தக் கொடுத்தா கழண்டு வந்துருது. இந்த சூப்பர் க்ளூதான் டீச்சரம்மா கில்லாடி! பாருங்க, மலை மாதிரி நிக்கி.”

“உரிச்சுப் பாத்தீயளா?”

“உரிக்க முடியலயே! அதத்தானே சொல்லுதேன்!”

வடிவு தகரத்தை வாங்கி நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பிறகு அந்த சூப்பர் க்ளூ டியூபை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். அவ்வளவுதான். ஏன், எதற்கு, ஒரு வார்த்தை கிடையாது.

இஸ்ரவேலுக்கு அது புதிராக இருந்தது. புதிர் என்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம். பஸ்ஸில் போகும்போது யோசித்து யோசித்து ஒரு விடையும் கண்டுபிடித்தார். ‘குரு டியூபக் குப்பையில போட்டுட்டா. அப்ப இனிமே நம்ம வழிய நாமளே தேடிக்கிடணும்ங்கா. அதுதான் அர்த்தம்.’

போகிற வழியில் பெட்டிக்கடையில் ஒரு டியூப் வாங்கினார்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். பழைய ரெக்சினைச் சுரண்டி எடுத்து, புது ரெக்சினை அளந்து வெட்டி, முன்பக்கம், திறந்து போட்ட பின்கதவு, ஓரம் எல்லாம் சூப்பர் க்ளூ விட்டு ஒட்டினார். வேலை அத்தனை சுத்தம். கையால் தடவிப் பார்த்தால் ஒரு மேடு பள்ளம் இல்லை. தூசி படக்கூடாதே என்று, ஈரம் காயும் முன்னாலேயே ஒரு பெரிய டிபன் டப்பாவில் காமிராவை வைத்து இறுக்கி மூடினார். மறுநாள் காலை எடுத்துத் துணியில் சுற்றி, அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

வடிவிடம் சொல்லவில்லை. முழுக்க முழுக்கத் தன் வேலையாக இருக்க வேண்டும் என்று ஆசை.

*

மதினி இரண்டாம் மாசம் போய்ச் சேர்ந்தார். இஸ்ரவேல் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தார். முப்பதாம் நாள் கழிந்து, ஒரு காலையில் தேவசகாயம் மாடிப்படி ஏறி வடிவின் கடைக்கே வந்துவிட்டார். எழுபத்தொரு வயது. கையில் அந்தக் காமிராவும் ஒரு போட்டோ கவரும்.

“நீதானம்மா இவனுக்கு டீச்சரு? வேலையெல்லாம் நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க.”

இஸ்ரவேல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பாத்தியாம்மா இத? வீட்டுக்கு வந்தவனெல்லாம் கேக்கான், புதுசு எங்க வாங்குனீயன்னு. தொட்டுப் பாத்தா பட்டு. சின்னதுல இவன எதுக்கும் லாயக்கில்லாத பயன்னு நான் திட்டாத நாள் கெடையாது. தப்பு. நீ கெட்டிக்காரன்லே, இஸ்ரவேலு.”

அறுபது வருஷம்! இஸ்ரவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்துகிற மாதிரி சிந்தினார்.

“படம் நல்லா வந்துச்சா அண்ணே?” என்றார்.

தேவசகாயம் கவரை மேஜைமேல் வைத்தார்.

“நான்தான் கெடுத்துட்டேன்,” என்றார்.

வடிவு படங்களை எடுத்துப் பார்த்தாள். முப்பத்தாறு படம். கட்டிலில் ஓர் அம்மாள், ஜன்னலோரம் அந்த அம்மாள், மடியில் பூனையோடு அந்த அம்மாள். முகம் ஒன்றிலும் இல்லை. எல்லாவற்றின் மேலும் பாலை ஊற்றியதுபோல வெள்ளை.

“வலது கண்ணுல புரைன்னு டாக்டர் முன்னமே சொன்னாரு,” என்றார் தேவசகாயம். “நான்தான் கேக்கல. காமிராவுல கண்ண வச்சா அவ பனிக்குள்ள இருக்காப்ல தெரியுது. சரி, கண்ணுதான் இப்படிக் காட்டுது, படம் ஒழுங்கா விழும்னு நெனச்சேன். மங்கலாத் தெரியுதேன்னு வெளிச்சத்தக் கூட்டி வச்சு எல்லாத்தையும் வெளுக்கடிச்சுட்டேன் போல. அவகிட்டச் சொல்லல. சொன்னா, வேண்டாம் விடுங்கன்னுருவா. ஸ்டுடியோக்காரன் ஒருத்தனக் கூப்பிட்டிருக்கலாம்மா. வறட்டுப் பிடிவாதம். கட்டுன பொண்டாட்டிக்குக் கடைசியா நான் செஞ்சது இதுதான்.”

வடிவு காமிராவைக் கையில் எடுத்தாள். பின்கதவைத் திறந்து டார்ச் அடித்து லென்ஸைப் பார்த்தாள். வெளியே தெருவைப் பார்த்துக் கண்ணில் வைத்தாள். நகத்தால் ரெக்சினின் ஓரத்தை நெம்பிப் பார்த்தாள். அது அசையவில்லை.

பிறகு காமிராவை இஸ்ரவேலிடம் நீட்டினாள்.

அவர் கண்ணில் வைத்துப் பார்த்தார். தெரு முழுக்கப் பனி.

அவருக்குப் புரிந்துவிட்டது. டிபன் டப்பாவும், பின்கதவைத் திறந்து போட்டே ஒட்டியதும், மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது கண்ணை எரித்த நெடியும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. சூப்பர் க்ளூவின் ஆவி வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அண்ணன் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

“என்னலே, உன் கண்ணுக்கு நல்லாத் தெரியுதா?” என்றார் தேவசகாயம்.

இஸ்ரவேல் வாயைத் திறந்தார்.

“ம்,” என்றார்.

“தெரியும்லா. உனக்குக் கண்ணு நல்லா இருக்கு. நீயே வச்சுக்கோ. எனக்கு இனி எதுக்கு அது?”

மனுஷர் எழுந்தார். போகும்போது தம்பியின் தோளில் கையை வைத்து ஒரு தடவை அழுத்தினார். படியிறங்கும் சத்தம் கீழே போய் நின்றது.

*

“திறங்க,” என்றாள் வடிவு.

“எத?”

“காமிராவ. லென்ஸத் துடைக்கணும்லா? உள்ள போக ஸ்க்ரூ நாலும் முன்பக்கத்து ரெக்சினுக்கு அடியில இருக்கு. உரிங்க.”

இஸ்ரவேல் பிளேடை எடுத்தார். ஓரத்தில் கொடுத்து நெம்பினார். ரெக்சின் வரவில்லை. ஸ்பிரிட் விட்டு ஊறவைத்தார். அப்போதும் வரவில்லை. சுரண்டினார். நகக்கண் அளவு நகக்கண் அளவாகப் பிய்ந்து வந்தது. பட்டுபோல இருந்ததெல்லாம் குதறிப்போய், அடியில் வெள்ளை வெள்ளையாகக் கெட்டிப்பட்ட பசை. ஸ்க்ரூவின் காடியெல்லாம் அடைத்துப்போயிருந்தது. திருப்புளியை வைக்க இடமில்லை.

பிளேடை வீசி எறிந்தார்.

“அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருப்பீய? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீய? ‘அண்ணாச்சி, இது ஆகாது, ஆவி கண்ணாடியக் கெடுத்துரும், திரும்பத் திறக்க முடியாது’ன்னு சொல்ல எத்தன நேரம் ஆகும்? குப்பையில போட்டா எனக்கு என்ன எழவு தெரியும்? என் மதினி முகம் போச்சே!”

கத்திய கத்தலில் கீழே தேங்காய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வடிவின் முகம் சுண்டிப்போயிருந்தது.

“சொல்லியிருக்கணும் அண்ணாச்சி,” என்றாள். “நீங்களாக் கண்டுபிடிக்கணும்னு நெனச்சேன். சொல்லாம இருக்கதுல எனக்கும் ஒரு பவுசு இருந்துச்சு. என் தப்புதான்.”

இஸ்ரவேல் மூச்சு வாங்கினார். குரு தப்பை ஒத்துக்கொண்டும் அவருக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

வடிவு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“உங்க அண்ணன் பஸ் ஸ்டாண்டுலதான் இருப்பாவ. நாசரேத் பஸ்சு பன்னெண்டேகாலுக்கு. கிளம்ப இன்னும் பத்து நிமிசம் இருக்கு.”

மேஜைமேல் முப்பத்தாறு படமும் கிடந்தன.

“சொன்னா, எங்கண்ணன் இனிமே என் மொகத்துலயே முழிக்க மாட்டாவ.”

“மாட்டாவ,” என்றாள் வடிவு.

இஸ்ரவேல் குதறிய காமிராவைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.