முன்னிருக்கை

நெல்லிமடத்து அம்மாவிடம் கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய. பஸ்ஸோடு வந்தவன் திருவேங்கடம் ஒருவன்தான். அப்பா விட்டுப்போன ஒரே பஸ். அதை விற்பதற்கான தாள் அவன் சட்டைப்பையில் இருந்தது.

“காலையில நாலு பேர், சாயங்காலம் மூணு பேர். வித்துடட்டுமாம்மா?”

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, அவனோடு பஸ் நிறுத்தத்துக்கு இறங்கி வந்தார்.

புளியமரத்தடியில் பதினைந்து இளைஞர்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் படித்தவர்கள். காலையில் மரத்துக்கு மேற்கே, மாலையில் கிழக்கே. நிழல் நகர்ந்தால் அவர்களும் நகர்வார்கள். அன்றைய பயணம் அவ்வளவுதான்.

“இத்தனை பேர் நிக்கிறாங்க. ஏன் யாரும் ஏறலை?”

“வேலை இருக்கிறவன்தானேம்மா காலையில வண்டி ஏறுவான்? இவங்க எங்கே போறது?”

“அப்படியா,” என்றார் அம்மா.

டிரைவர் மாரிமுத்து ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தார். நிமிர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

“ரெண்டு வேளையும் இவரேவா?”

“அனுபவம் உள்ள ஆள் கிடைக்கலைம்மா. அதோ அந்த நீலச்சட்டை, கபிலன், பஸ் லைசென்ஸ் வாங்கி மூணு வருஷமாச்சு. ஆறு தடவை வந்து கேட்டான். எங்கேயும் ஓட்டினதில்லை. எப்படிச் சேர்க்கிறது?”

அம்மா மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“கபிலா! என்னை மேட்டுக்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறியா?”

சொல்லிவிட்டு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“அம்மா, வழியில ரெண்டு வளைவு இருக்கு!”

“அப்ப நீயும் ஏறு.”

மாரிமுத்து எழுந்து இடம் விட்டார். பக்கத்திலேயே நின்றுகொண்டார். கபிலன் சாவியைத் திருப்பினான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. மறுபடியும் நின்றது.

“டேய், தள்ளணுமாடா?” மரத்தடி சிரித்தது.

“கிளட்சை மெதுவா விடு தம்பி. அது எங்கேயும் ஓடிடாது,” என்றார் மாரிமுத்து.

மூன்றாவது முறை வண்டி நகர்ந்தது. மரத்தடியிலிருந்து ஒரு கூச்சல். அடுத்த நொடி அத்தனை பேரும் ஓடிவந்து தொற்றி ஏறினார்கள்.

“எங்கேடா போறீங்க?” என்றார் கண்டக்டர்.

“தெரியலைண்ணே. கபிலன் ஓட்டுறான்ல!”

இரண்டு வளைவிலும் திருவேங்கடம் கம்பியை விடவில்லை. கோயில் வாசலில் வண்டி நின்ற பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

“உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?”

“இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் ஏறினீங்க?”

“மாரிமுத்து முதல் நாள் ஓட்டினப்போ உங்கப்பா இப்படித்தான் முன்னால உட்கார்ந்திருந்தார். அஞ்சு வயசு நீ, அவர் மடியில.”

“அப்பா பயப்படலையா?”

“பயந்தார். நீதான் தூங்கிட்டே.”

திரும்பும் வழியில் வெயில் தணிந்திருந்தது. பின்னால் யாரோ பாடினார்கள். யாரோ பாட்டைக் கெடுத்தார்கள். இரண்டாவது வளைவைத் தாண்டியதும் கபிலன் சத்தமாகக் கேட்டான்.

“அண்ணே, நாளைக்கும் வரட்டுமா?”

திருவேங்கடம் அம்மாவைப் பார்த்தான். சன்னல் கம்பியில் தலை சாய்த்து அவர் தூங்கிப்போயிருந்தார்.

“அஞ்சரைக்கு முதல் டிரிப்,” என்றான். “மெதுவாப் பேசு.”