உள்ளே வந்தவரைக் காணோம்

ஒரு வீட்டு அடுக்களையில் கொஞ்சம் பால் இருந்தது. சும்மா பால் இல்லை, பயந்துபோன பால்.

பயப்படக் காரணம் இருந்தது. சித்திரை வெயிலில் அடுக்களை அனலாகக் கொதித்தது. ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது. அதற்குள் இப்போது வெங்காயமும் பழைய பேப்பரும்தான் குடியிருக்கின்றன. முந்தின நாள் மிஞ்சிய பால் மத்தியானத்துக்குள் திரிந்துவிட்டது. வீட்டுக்காரி எஸ்கலின் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதைக் கொண்டுபோய்க் கொல்லையில் வாழை மூட்டில், மரத்தடியில் கொட்டினாள்.

அப்போது இந்தப் பால் பசுவின் மடியில்தான் இருந்தது. ஆனால் அடுக்களையில் ஒரு செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? வந்து இறங்கியதுமே மூடி சொல்லிவிட்டது. "நேத்து வந்தவன் வாழ மூட்டுல கெடக்கான். நீ பாத்து இருந்துக்கோ."

மூடியின் குணம் அப்படி. ஊரிலுள்ள பாத்திரத்தையெல்லாம் மூடும், தன் வாயை மட்டும் மூடாது.

எஸ்கலின் பாலைக் காய்ச்சினாள். காப்பிக்கு எடுத்ததுபோக மீதியை ஒரு மண்சட்டியில் ஊற்றி ஆற வைத்தாள். சூடு இறங்க இறங்கப் பாலுக்குக் கலக்கம் ஏறியது. இனி எவ்வளவு நேரம் தாங்கும்? அதுவும் ஒருநாள் கொட்டப்பட வேண்டியதுதானா?

மேல் தட்டில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. அதன் அடியில் கொஞ்சம் உறைமோர். கிண்ணம் எப்போதும் அந்த உறைமோரை 'அவர்' என்றுதான் சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். ஆனால் பார்வைக்கு அவரிடம் ஒரு விசேஷமும் இல்லை. வெள்ளையும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் ஒரு நிறம். பக்கத்தில் போனால் புளித்த வாசனை.

"பயமா இருக்கா?" என்று கிண்ணத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இருக்காதா பின்ன? நேத்து நடந்தது ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும். உனக்குள்ள வந்து தங்கட்டுமா?"

பாலுக்கு இது பிடிக்கவில்லை. அது சுத்தமான பசும்பால். காலையில் கறந்தது. இவரோ என்றைக்கோ புளித்தவர். இவரைச் சேர்த்துக்கொண்டால் சீக்கிரம் கெட்டுப்போவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

"நீங்க வந்தா நான் கெடாம இருப்பனா?" என்று பால் சந்தேகமாகக் கேட்டது.

"கெட மாட்ட. ஆனா இப்ப இருக்கிற மாதிரியும் இருக்க மாட்ட."

"அது என்ன, எப்பிடி இருப்பேன்?"

"சொன்னா உனக்கு வெளங்காது. நீ ஒண்ணே ஒண்ணு செஞ்சாப் போதும். நான் வந்தபெறகு அலுங்காம இரு."

பால் யோசித்தது. வேறு வழி ஒன்றும் தென்படவில்லை. "வந்துட்டுப் பாதியில போயிர மாட்டீங்களே?"

"போக மாட்டேன்."

"அப்பம் வாங்க" என்றது பால்.

எஸ்கலின் வந்து சட்டிக்குள் விரலை வைத்துச் சூடு பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கிண்ணத்தில் இருந்ததை அப்படியே பாலில் ஊற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, மூடியைப் போட்டு ஓரமாக நகர்த்தி வைத்தாள். காலிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அந்த முதல் கொஞ்ச நேரத்தைப் பால் மறக்கவே இல்லை. அவர் உள்ளே வந்தது அதற்கு நன்றாகத் தெரிந்தது. இங்கே இருக்கிறார், இதோ இந்தப் பக்கம் போகிறார், இப்போது அடியில் இருக்கிறார் என்று ஒவ்வொன்றும் தெரிந்தது. பயம் போன இடம் தெரியவில்லை. பாட்டுப் பாடலாமா என்றுகூடத் தோன்றியது. பாலுக்குப் பாட்டு வராது என்பதால் சும்மா இருந்தது.

பிறகு அவரைக் காணவில்லை.

"அய்யா" என்று கூப்பிட்டுப் பார்த்தது. அடியில் தேடியது, ஓரத்தில் தேடியது, மேலே தேடியது. எங்கு பார்த்தாலும் பாலாகத்தான் இருந்தது.

"என்ன, ஆளக் காணுமா?" என்றது மூடி. இதைக் கேட்பதற்கென்றே காத்திருந்ததுபோல இருந்தது அதன் குரல்.

"இங்கதான் இருந்தாரு."

"என்னத் தாண்டி வெளிய போகல. அது மட்டும் சொல்லுவேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

கவிழ்த்து வைத்திருந்த கிண்ணத்திடம் பால் கேட்டது. "ஒங்ககிட்ட திரும்பி வந்துட்டாரோ?"

கிண்ணம் பெருமூச்சு விட்டது. "எங்கிட்ட இருந்த காலம் இருக்கே! அவரு உக்காந்த எடம் இது, சாஞ்ச எடம் இது. நீ வேணா வந்து பாத்துட்டுப் போ. வாசன இன்னும் லேசா இருக்கு."

"ஆளு இருக்காரா?"

"ஆளு இல்ல" என்று கிண்ணம் ஒத்துக்கொண்டது.

சுவரில் தொங்கிய டீ வடிகட்டி சிரித்தது. "ஒரு டீத்தூளு எங்கிட்டத் தப்பிருக்கா? ஒரு ஈ தப்பிருக்கா? இருக்குன்னா ஏம்மேல தங்கணும். தங்கலன்னா அது இல்லன்னு அர்த்தம். உன்ன ஒருவாட்டி ஏம்மேல ஊத்தச் சொல்லு. அவரு இருக்காரா இல்லையான்னு அப்பமே தெரிஞ்சிரும்."

பாலுக்கு அழுகை வந்தது. "போக மாட்டேன்னு சொன்னாரே" என்று அது தனக்குள்ளே முனகியது.

அந்த நேரம் எஸ்கலின் கஞ்சி வைக்க அடுக்களைக்குள் வந்தாள். அவள் கஞ்சி வைப்பது தன் வீட்டுக்கு அல்ல. அடுத்த வீட்டில் வயலட்டின் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். வயலட் வேலைக்குப் போய்விடுவதால் மத்தியானக் கஞ்சியை எஸ்கலின்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. முதல் நாள் கொடுத்தாள், மறுநாளும் கொடுத்தாள், அப்படியே பழகிவிட்டது.

கஞ்சியைக் கிண்டிக்கொண்டே அவள் பேசினாள். அடுக்களையில் வேறு மனிதர்கள் யாரும் இல்லை. பேசியது ஆண்டவரிடம்.

"எங்கய்யா போனீரு? அன்னைக்கு ஒம்மள ஏத்துக்கிட்டப்போ நெஞ்சுக்குள்ள விளக்கு ஏத்துன மாதிரி இருந்துச்சு. முழங்கால் போட்டா கண்ணீரா வரும். இப்பம் ஜெபம் பண்ணுனா ரேஷன் கடையில சாமான் சொல்லுத மாதிரி இருக்கு. கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனேன், அங்க இருக்கீரோன்னு பாத்தேன். அடுத்த ஊரு வேதக் கோயிலுக்கும் போனேன். எனக்குள்ள இருக்கேன்னுதான சொன்னீரு? ஒரு சத்தத்தையும் காணுமே!"

பால் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அட, இவளுக்குள் வந்தவரையும் காணோமா?

எஸ்கலின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி, உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள். "சரி. நீரு இருக்கீரோ, போயிட்டீரோ. நீரு சொன்னது இருக்குல்லா, அதச் செய்யுதேன்" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. அப்போதுதான் பாலுக்கு அந்த மாற்றம் தெரிந்தது.

முதலில் ஒரு புளிப்பு. நாக்கின் நுனியில் படுவதுபோல லேசாக. பிறகு உடம்பு கனத்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சளக்கென்று ஓடிக்கொண்டிருந்த பாலுக்கு இப்போது புரண்டு படுக்க முடியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு. நேற்று அவனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும். இனி எஸ்கலின் வந்து மூடியைத் திறப்பாள், முகத்தைச் சுளிப்பாள், நேரே வாழை மூடுதான்.

"நான் கெட்டுக்கிட்டு வாரேன்!" என்று பால் கத்தியது. "அவரும் போயிட்டாரு, நானும் கெட்டுக்கிட்டு வாரேன்!"

அதைக் கேட்டு ஆணியில் தொங்கிய பெரிய கரண்டி விழித்துக்கொண்டது. நல்ல மனசுக்காரன், ஆனால் எதையும் கிண்டாமல் அவனால் இருக்க முடியாது. "அட, இதுக்கா இவ்வளவு சத்தம்? நான் உள்ள எறங்கி ஒரு கலக்குக் கலக்குதேன். அடியில இருந்தாலும் மேல வந்துதான ஆகணும்? ரெண்டே நிமிசத்துல ஆளப் பிடிச்சுத் தாரேன்" என்று சொல்லிக்கொண்டே ஆணியிலிருந்து இறங்கி வந்தான். மூடியும் வேடிக்கை பார்க்கும் ஆசையில் ஒரு ஓரமாக நகர்ந்து வழி விட்டது.

கரண்டியின் தலை பாலுக்கு நேர் மேலே வந்துவிட்டது. பாலுக்கும் ஆசைதான். ஒரே கலக்கு. இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். இந்தத் தவிப்பு தீர்ந்துவிடும்.

"வேண்டாம்" என்றது பால்.

"ஏன்?"

"அலுங்காம இருன்னு சொன்னாரு."

"அவருதான் போயிட்டாரே!"

"போயிருக்கலாம். அவரு சொன்னது இருக்குல்லா."

கரண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஆணிக்குத் திரும்பிப் போனான். மூடி பழைய இடத்துக்கு நகர்ந்தது. பால் அசையாமல் இருந்தது. நம்பிக்கையோடு இருந்தது என்று சொன்னால் அது பொய். பயந்துகொண்டே இருந்தது. ஆனால் அசையவில்லை.

சாயங்காலம் வெயில் தணிந்ததும் எஸ்கலின் வந்து மூடியைத் திறந்தாள். பால் கண்ணை இறுக மூடிக்கொண்டது. அவள் சட்டியைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தாள். கொட்டப்போகிறாள் என்று நினைத்தது பால். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"யம்மா, என்னா கட்டி!" என்றாள் எஸ்கலின். ஓரத்தில் துளி எடுத்து நாக்கில் வைத்தாள். முகம் சுளிக்கவில்லை. "நல்ல தயிரு."

தயிரா? பாலுக்குத் திகைப்பாக இருந்தது. வாழை மூட்டுக்குப் போகவேண்டாம் என்பது மட்டும் புரிந்தது. அந்தச் சந்தோஷத்திலும் ஒரு குறை. அவர் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

"எக்கா!" என்று கொல்லைப்பக்கம் குரல் கேட்டது. வயலட். வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கையில் ஒரு கிண்ணத்தோடு நின்றாள். "எக்கா, கொஞ்சம் உறமோரு தாங்களேன். நேத்து இருந்த தயிரு பூராத்தையும் தாளிச்சுட்டேன், உறைக்கு எடுத்து வைக்க மறந்துட்டேன். அம்மைக்குத் தயிரு இல்லாம ஒரு வாய் எறங்காது."

"அதுக்கென்ன, இந்தா புதுசாவே உறஞ்சிருக்கு. அம்மா எப்பிடி இருக்கா?"

"இருக்கா. மத்தியானம் ஆச்சுன்னா கண்ணு வாசல்லதான் கெடக்கு. நீங்க வந்துட்டுப் போனா ஆண்டவரே வந்துட்டுப் போன மாதிரி இருக்குன்னு சொல்லுதாக்கா."

எஸ்கலின் கையை உதறினாள். "சும்மா கெட வயலட். எங்கிட்ட எங்க இருக்காரு அவரு? எனக்கே அவரக் காணும்."

பாவம், என்று தயிர் நினைத்தது. நமக்கும் இவளுக்கும் ஒரே கஷ்டம்.

எஸ்கலின் ஒரு ஸ்பூன் தயிரை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாள். வயலட் அதை முந்தானையால் மூடிக்கொண்டு தன் வீட்டு அடுக்களைக்குப் போனாள். அங்கே ஒரு பாத்திரத்தில் காய்ச்சிய பால் ஆறிக்கொண்டிருந்தது. வயலட் கிண்ணத்தை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மா கூப்பிடுகிறாள் என்று உள்ளே போனாள்.

அந்தப் பால் நடுங்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தைப் பார்த்ததும் அதற்கு உயிர் வந்தது.

"வாங்கய்யா உறமோரு! நீங்க வந்தா நான் கெட மாட்டேன்னு சொன்னாங்க. ஒங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு கெடக்கேன்."

தயிருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்துவிட்டாரா? சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தது.

பின்னால் யாரும் இல்லை. கிண்ணத்தில் அந்த ஒரு ஸ்பூன் தயிர் மட்டும்தான் இருந்தது.

'நான் அவரில்லை, நான் அடுத்த வீட்டுப் பால்' என்று சொல்லத்தான் தயிர் வாயைத் திறந்தது. எதிரே அந்தப் பால் நடுங்குவதைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

"பயமா இருக்கா? உனக்குள்ள வந்து தங்கட்டுமா?"

காலையில் மேல் தட்டிலிருந்து கேட்ட அதே குரல்.