உபயக் கல்

“தவளையெல்லாம் எங்கே போயிற்று, அம்மை?” என்று கேட்டார் பூவலிங்கம்.

மலையடிவாரத்து மடம் அது. பூவலிங்கம் அங்கே சீடர். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

குரு மெய்யம்மை அவரைவிட இளையவர். ‘அம்மை’ என்று அவர் கூப்பிட, ‘ஐயா’ என்று இவர் பதில் சொல்வார்.

மெய்யம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“உங்களுக்கு என்ன தோன்றுகிறது, ஐயா?”

“பாம்பு தின்றிருக்கும்.”

“பாம்பு இப்போதுதான் குடிவந்ததா?”

பூவலிங்கம் போய்விட்டார். சில நாள் கழித்து வந்தார்.

“வயலுக்கு அடிக்கிற மருந்து, அம்மை. குளத்தில் கலந்திருக்கும்.”

“குளத்தில் தலைப்பிரட்டை இருக்கிறதா?”

“மொய்க்கிறது.”

“குஞ்சை விட்டுவிட்டுத் தாயை மட்டும் கொல்கிற மருந்தா?”

பூவலிங்கம் குளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எங்கே நின்று பார்த்தீர்கள்?”

“கரையில்தான்.”

மெய்யம்மை முறத்தைக் கீழே வைத்தார். அவரைக் குளத்துக்குக் கூட்டிப்போனார். படித்துறையை இடுக்கில்லாமல் அடைக்கிற தகரக் கதவைத் திறந்தார்.

“இறங்குங்கள்.”

இறங்கினார். தண்ணீர் மார்பளவு.

மெய்யம்மை கதவைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மிச்சக் கீரையை ஆயப் போய்விட்டார்.

*

முன்பு அந்தக் குளத்துக்கு மண் சரிவுதான் கரை. திருப்பணி என்று சொல்லிச் சரிவை வெட்டி, செங்குத்தாகச் சுவர் எழுப்பி, வழவழவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். சுவரின் உச்சியில் சுற்றிலும் கிரானைட் பலகை. தண்ணீர்ப் பக்கமாக ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும்.

பூவலிங்கம் சுவரில் ஏறப் பார்த்தார். கால் வழுக்கியது. இன்னொரு இடத்தில் எம்பினார். கிரானைட் நெற்றியில் இடித்தது.

அப்போதுதான் மூக்குக்கு நேரே அதைப் பார்த்தார்.

சுண்டுவிரல் நகம் பெரிசு. கால் முளைத்து வால் மறைந்த தவளை. ஈரச் சுவரில் ஒட்டி ஒட்டி மேலே போனது. பலகைக்கு அடியில் போனதும் தலைகீழாகத் தொங்கிப் பார்த்தது.

விழுந்தது.

மறுபடி ஏறியது. விழுந்தது.

சுவரோரமாகத் தண்ணீரில் சிறுசிறு வெள்ளை வயிறுகள் மிதந்தன.

மெய்யம்மை வந்து கதவைத் திறந்தார்.

“நெற்றியில் என்ன காயம், ஐயா?”

“கல் இடித்துவிட்டது.”

“எந்தக் கல்?”

பூவலிங்கம் திரும்பிப் பார்த்தார். கிரானைட்டில் பொன்னெழுத்து வெயிலில் மின்னியது. *நெல்லைநாயகம் உபயம். தகப்பனார் நினைவாக.*

*

நெல்லைநாயகம்தான் மடத்தின் தர்மகர்த்தா. அடுப்பெரிவது அவர் கையால்.

“நாலு இடத்துல பலகையை எடுத்துட்டு மண்ணைச் சரிச்சு விட்டாப் போதும்” என்றார் பூவலிங்கம்.

“அது எங்கப்பா பேருவே.”

“அந்தப் பேருக்குக் கீழதான் செத்து விழுது.”

“தவளைக்கு வாசிக்கத் தெரியாதுல்லா?” நெல்லைநாயகம் தாமே சிரித்துக்கொண்டார். “காலம்பூரா பள்ளிக்கூடத்துல தவளையை அறுத்த ஆளு நீரு. இப்பம் பாசம் பொத்துக்கிட்டு வருதாக்கும்?”

பூவலிங்கம் நெற்றிக் காயத்தைத் தடவிக்கொண்டார்.

“சோறு போடுகாங்க, தின்னுட்டுச் சிவனேன்னு கெடயும். தவளை தன் வாயால கெடும். கேட்டிருக்கீரா? ஊருக்குள்ள இன்னொரு தரம் இதைப் பேசினீரு, மடத்துல உமக்குப் பாய் கிடையாது.”

*

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பூவலிங்கம் மடைப்பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“அவர் சொன்னதும் சரிதானே, அம்மை? தவளை தன் வாயால்தானே கெடுகிறது?”

“ஆமாம்” என்றார் மெய்யம்மை.

“கத்தினால் பாம்புக்குக் கேட்டுவிடும்.”

“கேட்டுவிடும்.”

வாழை மூட்டிலிருந்து ஒரு தவளை கத்தியது. ஒற்றைக் குரல். எங்கிருந்தும் பதில் வரவில்லை.

மறுபடி கத்தியது.

“தெரிந்தும் ஏன் கத்துகிறது?” பூவலிங்கத்துக்குக் கோபமே வந்துவிட்டது. “வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் அல்லவா?”

“அப்படி இருந்த தவளைகளும் உண்டு, ஐயா.”

“அதெல்லாம் என்ன ஆயிற்று?”

“சௌக்கியமாக இருந்து, வயசாகிச் செத்தன.”

“பிறகு?”

“பிறகு ஒன்றுமில்லை. பிள்ளைகுட்டி கிடையாது.”

வாழை மூட்டில் அது மறுபடி கத்தியது.

*

விடிந்ததும் நெல்லைநாயகம் குடையோடு ஓடி வந்தார். கரையில் பூவலிங்கம் நின்றார். கையில் கடப்பாரை. காலடியில் ஒரு துணிப்பை.

“கல்லுல கை வச்சீரு, இன்னைக்கே வெளிய போவீரு!”

“பையைக் கட்டியாச்சு” என்றார் பூவலிங்கம்.

டங்.

கல் அசையவில்லை.

“வேய், வாத்தியாரே! ஊரைக் கூட்டவா?”

“கூட்டும். எல்லாருக்கும் சேர்த்து ஒருதரமாச் சொல்லிருதேன்.”

டங்.

“ஒத்த ஆளுவே நீரு! உம்ம பேச்சை எவன் கேக்கான்?”

பூவலிங்கம் கடப்பாரையை ஓங்கினார். ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை.

டங்.

நெல்லைநாயகம் குடையைச் சாய்த்துப் பார்த்தார்.

எதிர்க்கரையில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மெய்யம்மை கடப்பாரையை இன்னொரு தடவை ஓங்கினார்.