கொண்டை ஊசியும் வாடகைக் காரும்

கிட்ட வந்து உட்காருங்க, இது காதோடு சொல்ல வேண்டிய கதை.

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கார் பந்தயத் தடம். ஆசைக்கு ஓட்டுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடுவார்கள். நாச்சாத்தாளும் தன் பழைய வாடகைக் காரோடு போயிருந்தாள். முதல் சுற்றில் வளைவுக்கு வளைவு வண்டி வெளியே வழுக்கியது. அவர்கள் சங்கத்தின் தலைவர் ரத்தினசபாபதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏ அம்மணி, இது கல்யாணத்துக்கு ஆள் ஏத்தற வண்டி! அடுத்த சுற்றுல என்னை ஜெயிக்கோணும். இல்லீன்னா இனி இந்தப் பக்கமே வரப்படாது. ஸ்பேனர் தொடப்படாது, வண்டியில புதுசா எதையும் சேர்க்கவும் படாது."

"சேர்க்கலீங்க. இருக்கறதுல கொஞ்சம் எடுத்துக்கலாமுங்களா?"

"கதவையே பிச்சு எடுத்துக்கோ, போ!"

வெயிலில் ஓடி டயர் சூடேறி, உள்ளே காற்று விம்மிக் கல்லாக இருந்தது; தரையில் பதியாமல் வழுக்கியது அதனால்தான். அவள் ஒவ்வொரு சக்கரத்தருகேயும் குந்தி, கொண்டை ஊசியால் வால்வை அமுக்கினாள். காற்று போகும் சத்தத்துக்குக் காதுகொடுத்து, போதுமென்று பட்டதும் நிறுத்தினாள்.

அடேயப்பா, அடுத்த சுற்றில் அந்த வண்டி பல்லி சுவரைப் பிடிக்கிற மாதிரி தரையைப் பிடித்து வளைந்தது! கெட்டியாக இருந்தால்தான் வேகம் என்று டயரைப் புடைக்க அடைத்திருந்த தலைவரோ, அதே வளைவில் வழுக்கிப் புழுதிக்குள் போய் நின்றார்.

"என்னத்தை எடுத்தே? காட்டு!" என்று இறங்கி வந்தார்.

நாச்சாத்தாள் அவருடைய டயரண்டை குந்தினாள். அவரும் குனிந்தார். ஊசியை அமுக்கினாள், புஸ்ஸென்று காற்று அவர் மீசையில் அடித்தது.

"இதைத்தானுங்க," என்றவள், ஊசியைத் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.