பஞ்சாபகேசர் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்

வீரகேது மகாராஜா காலத்தில் கூடைப்பந்து ஏது என்று கேட்பவர்கள் வேறு கதைக்குப் போய்விடலாம். அந்த நாட்டில் இருந்தது. அரண்மனைக் கல்லூரியில் முறையாகச் சொல்லியும் கொடுத்தார்கள். படிப்பு முடித்த ஆட்டக்காரர்களை நாட்டின் நான்கு அணிகளும் வருடத்துக்கு ஒரு நாள் கூடித் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதில் ஒரு வினோத வழக்கம் உண்டு. போன வருடம் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் தேர்வு. ஜெயித்த அணிக்கு, மற்ற மூன்று அணிகளும் எடுத்தது போக மிச்சம்.

அந்த வருடம் முதல் தேர்வு மகாராஜாவின் சொந்த அணிக்கு. கடைசியாக வந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சபையிலும் யாரும் சொல்லவில்லை. இந்த முறை முதல் மரியாதை நமக்கு என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஆட்டக்காரர்களை எடைபோட பஞ்சாபகேசர் என்று ஓர் அதிகாரி இருந்தார். உயரம் அளக்கக் கோல், கை நீளம் அளக்கக் கயிறு எல்லாம் வைத்திருந்தார். ஆட்டம் தொடங்கினால் அவர் கண் கூடையை விட்டு நகராது. பந்து உள்ளே விழுந்ததும் போட்டவன் பெயரை ஓலையில் எழுதுவார். அந்தப் பந்து யார் கையிலிருந்து வந்தது என்பது அவர் இலாகா அல்ல.

அவர் கஜராஜனைச் சிபாரிசு செய்தார். எம்பினால் கூடைக்கு மேலே தலை தெரியும் ஆள். சபை முழுக்கத் தலையாட்டியது. விகடகவி அம்பலத்தாடி மட்டும் ஆட்டவில்லை. "சேந்தனை எடுங்கள் மகாராஜா" என்றார்.

பஞ்சாபகேசர் சிரித்துவிட்டு ஓலையைப் பிரித்தார். "சேந்தன், உப்பளத்துக்காரர் மகன். உயரம் போதாது. எம்ப வராது. வருடம் முழுக்கப் போட்டது பதினோரு கூடை. பந்து கைக்கு வந்தால் பயந்துபோய் அடுத்தவனிடம் கொடுத்துவிடுகிறான்."

சேந்தன் வாசலருகே கைகட்டி நின்றிருந்தான். நான்கு அணிகளும் அவனைக் கைவிட்டால் மறுநாளே உப்பளத்துக்குப் போய் வேலையில் இறங்க வேண்டியதுதான். உனக்கு ஏன் கூடை போடப் பயம் என்று மகாராஜாவே அவனைக் கேட்டார்.

"பயம் இல்லை மகாராஜா. நம் ஆள் ஒருத்தன் தனியாக நிற்கும்போது பந்தை நானே வைத்திருக்க மனசு வருவதில்லை" என்றான் சேந்தன். அதற்கும் சபை சிரித்தது. அவன் முகம் சுருங்கிவிட்டது.

மகாராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. "அம்பலத்தாடி, இன்று மாலை ஓர் ஆட்டம் வைப்போம். சேந்தன் ஒரு கூடைகூடப் போடக் கூடாது. ஆனாலும் அவன்தான் சிறந்தவன் என்று பஞ்சாபகேசர் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் உப்பளத்துக்குப் போவான், நீயும் கூடப் போவாய்."

அம்பலத்தாடி ஒன்றே ஒன்று கேட்டார். சேந்தன் பக்கம் புதிதாக ஒருவரைச் சேர்க்க அனுமதி. அது கிடைத்தது.

மாலையில் அந்தப் புது ஆள் வந்தார். பெருத்த தொந்தி. வெயில் ஆகாது என்று கண் மட்டும் தெரிய முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார். நிதானமாக நடந்துபோய்க் கூடைக்கு அடியில் நின்றார். நின்றவர் நின்றவர்தான். எதிரணி மொத்தமும் சேந்தனைத் துரத்தும். அவன் ஒரு பக்கம் பார்த்தபடி மறுபக்கம் பந்தை விடுவான். அது தொந்திக்காரர் கையில் போய் உட்காரும். பாதி ஆட்டத்துக்குள் அவர் பதினான்கு கூடை போட்டுவிட்டார். சேந்தன் கணக்கில் ஒன்றும் இல்லை.

பஞ்சாபகேசருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "முப்பது வருடத்தில் இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை மகாராஜா. அனாவசியமாக ஓர் அடி ஓடுகிறாரா பாருங்கள். அந்த நிதானம் பிறவியிலேயே வர வேண்டும். கஜராஜன் கிடக்கட்டும், முதல் தேர்வு இவர்தான்." சொன்னதோடு நிற்காமல் ஓலையில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அம்பலத்தாடி போய்த் துணியை அவிழ்த்தார். உள்ளே மடைப்பள்ளிச் சோணாசலம். பஞ்சாபகேசருக்கு இருபது வருடமாகத் தினமும் இட்லி பரிமாறுகிறவர்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க சாமி" என்றார் சோணாசலம். "இந்தத் தம்பி நிக்கச் சொன்ன எடத்துல நின்னேன். பந்து தானா கைக்கு வந்துச்சு. தட்டுல மாவு ஊத்துற மாதிரி மேல ஊத்தினேன்."

பஞ்சாபகேசர் லேசில் விடுகிற ஆளா? சமையற்காரரிடம் திறமை இருக்கக் கூடாதா என்று வாதாடினார். சரி என்று அம்பலத்தாடி சேந்தனை உட்காரவைத்து, அவன் இடத்தில் கஜராஜனை இறக்கினார். கஜராஜன் பந்தைப் பிடித்தான், எம்பினான், தானே எறிந்தான், மறுபடி எம்பினான். சோணாசலம் கை நீட்டி நீட்டி ஓய்ந்துபோனார். பந்து அவரிடம் வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் மூக்கின் மேல். அத்தோடு அடுப்பு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

எல்லோரும் பஞ்சாபகேசரைப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்ட ஓலை மகாராஜா மடியில் இருந்தது. பஞ்சாபகேசரே வாய் திறந்தார். "அந்தப் பையன் இல்லாவிட்டால் சமையற்காரருக்கு ஆட்டமே இல்லை. பதினான்கு கூடையும் அவன் போட்டதுதான். சேந்தன்தான் இங்கே சிறந்த ஆட்டக்காரன்."

சேந்தன் இருந்த இடத்திலேயே குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். மகாராஜா அவனைத் தம் அணிக்கு முதல் ஆளாக அறிவித்து, அம்பலத்தாடிக்குத் தம் பட்டுச் சால்வையைப் போர்த்தினார்.

போர்த்திய பிறகுதான் அவருக்கு ஒரு கவலை பிடித்தது. "சேந்தன் இருந்தால் நாம் ஜெயித்துவிடுவோமே. ஜெயித்தால் அடுத்த வருடம் நமக்குக் கடைசித் தேர்வு. நல்ல ஆட்களை எல்லாம் மற்ற மூன்று அணிகளும் எடுத்துக்கொண்டு போய்விடுமே, அப்போது என்ன செய்வது?"

"அதற்கும் வழி இருக்கிறது மகாராஜா" என்றார் அம்பலத்தாடி. "அந்த மூன்று அணிகளுக்கும் ஆள் பார்த்துக் கொடுக்க நம் பஞ்சாபகேசரை அன்பளிப்பாக அனுப்பிவிடுங்கள். நல்லவன் கடைசி வரை நமக்காகவே காத்திருப்பான்."