கறுப்புப் பெட்டியா, நீலப் பெட்டியா?

சென்னியப்பனுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. ஒரு கையில் கறுப்புப் பெட்டி, மறு கையில் நீலப் பெட்டியோடு ஜெசிந்தாவின் ஷெட்டுக்குள் நுழைந்தவர், வணக்கம் சொல்லக்கூட மறந்துபோனார்.

அவருக்கு ஐம்பதை நெருங்குகிறது, ஜெசிந்தாவுக்கு முப்பது. ஆனாலும் கோயமுத்தூரில் டர்போ காரை ட்யூன் செய்யக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் அவள் டீச்சர். நாலு வருஷமாகச் சென்னியப்பனுக்கும் டீச்சர்தான்.

“ரெண்டுல எதை மாட்டட்டுங்க டீச்சர்?”

“முதல்ல உக்காருங்கண்ணா.”

அவர் உட்காரவில்லை. இரண்டும் கார் எஞ்சினின் கம்ப்யூட்டர்கள். எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது, எப்போது தீப்பொறி வைப்பது என்று முடிவு செய்பவை. இரண்டையும் மேசையில் வைத்தார், இடம் மாற்றி வைத்தார், திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டார்.

“கறுப்புல எஞ்சின் தட்டுற சத்தத்தை நம்ம காதுக்கு முன்னாடியே அது கேட்டுருமாங்க. நீலத்துல பெட்ரோல் அழுத்தம் கொஞ்சம் குறைஞ்சாலும், எஞ்சின் சூடேறி வெடிக்கறதுக்குள்ள வேகத்தை வெட்டிருமாம். பூட்டு ரெண்டுலயும் இருக்குது. பாஸ்வேர்டு போட்டுட்டா என்னைத் தவிர ஒருத்தன் உள்ள கைவெக்க முடியாது.”

“பழைய பெட்டி எங்க?”

“தூக்கி வீசிட்டேன். அது சரியில்லீங்க.”

போன மாதம் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், அவர் மகள் தாரணி ஓட்டிய கார் எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்தது. அதை ட்யூன் செய்தவர் சென்னியப்பன். இடது கையில் தீக்காயத்தோடு பிழைத்து வந்தவள், கட்டுப் பிரித்த அன்றே, “அடுத்த ஞாயித்துக்கிழமை பந்தயத்துலயும் நாந்தாம்ப்பா ஓட்டுவேன்” என்று சொல்லிவிட்டாள்.

காரில் புது எஞ்சின் ஏறியது. அப்பாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. கிடைத்த வீடியோவையெல்லாம் பார்த்தார். பெங்களூரில் ஒருவரைக் கேட்டார். அவர் சொன்னதைச் சென்னையில் ஒருவரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

“எந்தப் பெட்டி எம் பொண்ணைக் காப்பாத்தும்? அதை மட்டும் சொல்லிருங்க டீச்சர்.”

ஜெசிந்தா நீலப் பெட்டியை வாங்கி, ஷெட்டில் நின்றிருந்த தாரணியின் காரில் மாட்டினாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். சென்னியப்பன் வாசலுக்கும் காருக்குமாக நடந்தார். டீ வாங்கி வைத்தார், ஆறிப்போனது. இன்னொன்று வாங்கினார், அதுவும் ஆறியது.

“அண்ணா, கடையில கொஞ்சம் மிக்சர் வாங்கிட்டு வாங்க.”

இந்த நேரத்தில் மிக்சர் ஒரு கேடா என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் போய் வாங்கி வந்தார்.

திரும்பியபோது, நின்ற இடத்திலேயே சக்கரம் சுழல்கிற உருளைகளின் மேல் கார் ஏறியிருந்தது. முன்னும் பின்னும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். ஸ்டியரிங்கில் அவள் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் அவரை உட்கார வைத்து, லேப்டாப்பைக் கொடுத்தாள்.

“மிதிக்கறேன். நீங்க திரையைப் பாருங்க.”

எஞ்சின் உறுமி எழுந்தது. டர்போ சீட்டி அடித்தது. ஒரு வாரத்தில் முதல் முறையாகச் சென்னியப்பன் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் எஞ்சின் தும்மி, வேகம் அடங்கி முனகியது. திரையில் சிவப்பாக ஒரு வரி மின்னியது: பெட்ரோல் அழுத்தம் குறைவு.

“இன்னொருக்கா மிதிங்க.”

மிதித்தாள். அதே இடத்தில் வெட்டியது.

“சே! இதுவும் அதே கதைதானா? சும்மா சும்மா வெட்டுது!”

சொல்லும்போதே அவர் விரல் லேப்டாப்பில் ஓடியது. பாதுகாப்பு என்ற பக்கத்தைத் திறந்து அந்த வெட்டை அணைத்துவிட்டது.

“இப்ப மிதிங்க டீச்சர்.”

ஜெசிந்தா மிதிக்கவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். இறங்கிப் போய் பானட்டைத் தூக்கி, அவரைக் கூப்பிட்டாள்.

பெட்ரோல் வருகிற ரப்பர் குழாயை ஒரு கிளாம்ப் கடித்துக்கொண்டிருந்தது. குழாய் பாதி நசுங்கியிருந்தது. அதைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீங்க மிக்சர் வாங்கப் போனப்ப நான்தான் மாட்டுனேன்.”

சென்னியப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பழைய பெட்டியும் வெட்டிச்சுங்களா, அண்ணா?”

“வெட்டிச்சு. பந்தயத்தன்னிக்குக் காலையில, பயிற்சி ஓட்டத்துல.”

“என்ன பண்ணுனீங்க?”

அவர் விரல்கள் கிளாம்பை இறுக்கி மூடிக்கொண்டன.

“அவதானுங்க முன்னாடி போய்ட்டிருந்தா. பின்னாடி ஒருத்தனும் பக்கத்துல வர முடியலை. பெட்டிக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனச்சு…” தலையைக் குனிந்துகொண்டார். “அணைச்சுட்டேன்.”

சரியாகவே வெட்டிய அந்தப் பழைய பெட்டியைத்தான் அவர் குப்பையில் வீசியிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெசிந்தா லேப்டாப்பை எடுத்து, அவர் அணைத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு, மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் இன்னும் அப்படியேதான் முன்னால் நின்றது.

“இப்ப எதைத்தானுங்க மாட்டறது?”

“எதை வேணா மாட்டுங்க. ரெண்டும் நல்ல பெட்டிதான். பாஸ்வேர்டை மட்டும் தாரணி போடட்டும். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்.”

சென்னியப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“அவளுக்கு இந்தப் பெட்டியைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்களே டீச்சர்!”

“உங்களைத் தெரியுமில்லீங்கண்ணா.”